ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டதா? சுங்கை சிப்புட் கடையில் கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் கணினி பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். "இடம் பத்தல அண்ணே" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு யாராவது வராத வாரம் இல்லை. நானும் நின்ற இடத்திலேயே பதில் சொல்வேன். அவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்துவிடும், மறுநாள் போன் வரும். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"சி டிரைவில் சிவப்புக் கோடு வந்துவிட்டது. உடனே புது டிஸ்க் வாங்கணுமா?"

உடனே வேண்டாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போனால் எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று தெரியும். நான் பார்த்தவரை பெரும்பாலும் டவுன்லோட்ஸ் கோப்புறையும், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த வீடியோக்களும்தான் காரணம். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யாமலேயே வைத்திருப்பவர்களும் உண்டு. விண்டோஸைப் புதுப்பித்த பிறகு பழைய பதிப்பு தனியாக உட்கார்ந்திருக்கும். அதுவே 20 ஜிபிக்கு மேல் போகலாம். டெம்பரரி ஃபைல்ஸ் என்ற பகுதியில் அதை அழிக்கலாம்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸும் இருக்கும். பிள்ளையின் பள்ளிப் பாரங்களை அங்கேயே போட்டு வைத்திருந்தால் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சுத்தம் செய்தும் ஒரு மாதத்தில் மறுபடி சிவப்பு வந்தால், அப்போது கடைக்கு வாருங்கள்.

"உள்ளே இருக்கும் டிஸ்கை மாற்றுவது நல்லதா, வெளியே ஒன்று செருகுவது நல்லதா?"

நான் முதலில் கேட்பது, "லேப்டாப் திறக்க எவ்வளவு நேரம் ஆகுது?" என்பதைத்தான். பவர் பட்டனை அழுத்திவிட்டுத் தேத்தண்ணி கலக்கி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தால், உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்று பொருள். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற சுழலாத டிஸ்கைப் போடுங்கள். இடமும் கூடும், வேகமும் கூடும். 7 வருடப் பழைய லேப்டாப்பை இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு இன்னும் 3 வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

லேப்டாப் வேகமாகத்தான் இருக்கிறது, படங்களுக்கும் வீடியோக்களுக்கும் மட்டும் இடம் வேண்டும் என்றால் வெளியே வைக்கும் டிஸ்க் போதும். யூஎஸ்பியில் செருகினால் வேலை முடிந்தது. திருமண வீடியோ எடுக்கும் தம்பிமார்களுக்கு இரண்டுமே தேவைப்படும். எடிட்டிங்குக்கு உள்ளே எஸ்எஸ்டி, முடித்த வேலைகளைச் சேர்த்து வைக்க வெளியே பெரிய ஹார்ட் டிஸ்க்.

"எஸ்எஸ்டிக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் அப்படி என்ன வித்தியாசம்?"

கடையில் செத்துப்போன ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் திறந்து கண்ணாடி மேசைக்குள் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவே. மேல் மூடியை எடுத்தால் உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பளபளக்கும் வட்டத் தட்டு தெரியும். ஓரத்திலிருந்து மெல்லிய கை ஒன்று நீண்டு தட்டின்மேல் நிற்கும். அதன் நுனியில் எள்ளைவிடச் சின்னதாக ஒரு முனை. லேப்டாப் டிஸ்கில் அந்தத் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். முனை தட்டைத் தொடாது. சுழற்சியில் கிளம்பும் காற்றில், நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த உயரத்தில் மிதந்தபடி எழுதும், படிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கைத் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று இதைப் பார்த்த பிறகு நான் விளக்க வேண்டியதே இல்லை.

எஸ்எஸ்டியில் அசையும் பாகம் கிடையாது. பெண்டிரைவில் இருப்பதுபோன்ற சில்லுகள்தாம், ஆனால் தரமும் வேகமும் எவ்வளவோ மேல். சுழலும் டிஸ்க் விநாடிக்கு 100 மெகாபைட் அளவில் படித்தால், சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டி 500ஐத் தாண்டும். என்விஎம்இ என்ற புதிய இணைப்பு வகை ஆயிரக்கணக்கில் போகும். ஆனால் விண்டோஸ் திறக்கும்போது நீங்கள் உணரும் வேகத்துக்கு உண்மைக் காரணம் வேறு. விண்டோஸ் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கிறது. சுழலும் டிஸ்கில் ஒவ்வொன்றுக்கும் அந்தக் கை நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பு இல்லை.

விலையில் ஹார்ட் டிஸ்க்தான் இன்னமும் ஜெயிக்கிறது. 4 டிபி (டெராபைட்), 5 டிபி வேண்டும் என்றால் அதே கொள்ளளவு எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் காசில் பாதிகூட ஆகாது.

முதல் ஹார்ட் டிஸ்கை ஐபிஎம் 1956இல் வெளியிட்டது. 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தும், அதில் 50 லட்சம் எழுத்துகள்தாம் அடங்கின. இன்று போனில் எடுக்கும் ஒரே படம்கூடப் பல சமயம் அதற்குள் கொள்ளாது. இந்தத் தொழிலில் நம் மலேசியப் பெண்களின் கையும் இருக்கிறது. தோட்டத்திலிருந்து பினாங்குக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் போய் விடுதியில் தங்கி, மின்னணுத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்த்த அக்காமார்கள் இந்தப் பட்டணத்தில் எத்தனையோ பேர். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் பெட்டாலிங் ஜெயா ஹார்ட் டிஸ்க் ஆலையை மூடப்போவதாக 2018இல்தான் அறிவித்தது. பழைய டிஸ்குகளின் லேபிளில் "மலேசியா" என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான் வரும்.

"என் லேப்டாப்புக்கு எந்த டிஸ்க் பொருந்தும்? ஆன்லைனில் வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனால் முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தவறான டிஸ்கோடு கடைக்கு வருபவர்கள் அதிகம், ஆன்லைன் கடை திருப்பி எடுக்காவிட்டால் காசு போச்சு.

பழைய லேப்டாப்பில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா டிஸ்க் இருக்கும். அதில் தடிமனைக் கவனியுங்கள். சில 9.5 மில்லிமீட்டர், சில 7. மெல்லிய லேப்டாப்பில் 9.5 நுழையாது. எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் 7தான், பெரிய இடத்தில் ஆடினால் சுற்றி வைக்க ஒரு சட்டம் கூடவே வரும் அல்லது தனியாகக் கிடைக்கும். மேசைக் கணினியில் 3.5 அங்குலம்.

கடந்த சில ஆண்டுகளில் வந்த லேப்டாப்புகளில் எம்.2 என்ற சூயிங்கம் பட்டை அளவு டிஸ்க்தான் இருக்கிறது. 2280 என்று எழுதியிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 என்று அர்த்தம். இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் எம்.2இல் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. உருவம் பொருந்திவிட்டது என்பதற்காக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. உங்கள் லேப்டாப்பின் மாடல் எண்ணைப் போட்டு, எந்த வகையை ஏற்கும் என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் பாருங்கள். இல்லையென்றால் அடிப்பக்க ஸ்டிக்கரைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், நானே பார்த்துச் சொல்கிறேன்.

மலிவு லேப்டாப்புகள் சிலவற்றில் 64 ஜிபி சேமிப்பு போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது. காலியான எம்.2 பள்ளம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வெளி டிஸ்க்தான் வழி.

"பழைய லேப்டாப்புக்கு இந்தச் செலவு தகுமா?"

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைச் சிப்பாவது இருக்க வேண்டும். உங்கள் லேப்டாப் அதில் தேறினால் தயங்காமல் எஸ்எஸ்டி போடுங்கள். தேறாவிட்டால் பெரிய டிஸ்க் வாங்காதீர்கள், 256 ஜிபி போதும். மீதிக் காசை அடுத்த லேப்டாப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரேம் 4 ஜிபி என்றால், ஏற்ற முடிந்தால் 8 ஆக்குங்கள். அது இல்லாமல் எஸ்எஸ்டியின் பலன் பாதிதான் தெரியும்.

"1 டிபி என்று வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?"

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அதே அளவுதான். 500 ஜிபி வாங்கினால் 465 காட்டும், 2 டிபி என்றால் 1,862 அளவில்.

"பசார் மாலாம் இரவுச் சந்தையில் 16 டிபி டிஸ்க் 60 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைக்கிறதே?"

அதை வாங்காதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் காசு குறைவாக உள்ளவர்கள்தாம் இதில் விழுகிறார்கள்.

போன வருடம் ஒரு மாணவி அப்படி ஒன்றைக் கொண்டு வந்தாள். அழகான உலோகப் பெட்டி, செருகினால் விண்டோஸும் 16 டிபி என்றுதான் காட்டியது. எஸ்.பி.எம். தேர்வுக்கான பாடக் குறிப்புகளை எல்லாம் அதில் போட்டிருக்கிறாள். கோப்பின் பெயர் தெரிகிறது, திறந்தால் ஒன்றும் வரவில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே விரல் நகம் அளவு மெமரி கார்டு ஒன்றை ஒரு சின்ன போர்டில் செருகி, பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அதன் உண்மைக் கொள்ளளவு 64 ஜிபி. "நான் 16 டிபி" என்று பொய் சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்றிவிட்டார்கள். 64 நிறைந்ததும் புதிதாக வருவது பழையதன்மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் போகும். எந்த எச்சரிக்கையும் வராது. அவளுடைய குறிப்புகளில் கொஞ்சம்தான் மிஞ்சின.

சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். டிஸ்க் முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். நேரம் எடுக்கும், ஆனால் பொய் வெளியே வந்துவிடும். ஆன்லைனில் வாங்கும் எந்த டிஸ்கையும் திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் இப்படிச் சோதித்துவிடுங்கள். இப்படிச் சோதிக்காதவர்கள் விற்பவரின் வாக்கை நம்பி இருக்க வேண்டியதுதான்.

"டிஸ்கை மாற்றினால் விண்டோஸ், படங்கள், புரோகிராம் எல்லாம் போய்விடுமா?"

போகாது, பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால். குளோனிங் என்று ஒரு வேலை உண்டு. பழைய டிஸ்கில் உள்ளதை அச்சு அசலாகப் புதியதில் பதிப்பது. புது எஸ்எஸ்டியை ஒரு யூஎஸ்பி கேபிளில் மாட்டி, மென்பொருளில் "எங்கிருந்து", "எங்கே" என்று தேர்ந்தெடுத்து ஓட விடுவேன். 300 ஜிபி என்றால் யூஎஸ்பி 3இல் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பழைய யூஎஸ்பி 2 துளையில் இரண்டரை மணி நேரம் ஆகலாம். முடிந்ததும் புதியதை உள்ளே வைத்துத் திருகினால், உங்கள் மேசைப் படம்கூட அதே இடத்தில் இருக்கும். விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்கை மாற்றுவதால் போகாது.

வீட்டில் நீங்களே செய்வதானால் இரண்டு இடத்தில் நின்று நிதானிக்கவும். முதலாவது, "எங்கிருந்து", "எங்கே" இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். காலியான புது டிஸ்க் நிறைந்த பழைய டிஸ்கின்மேல் பதிந்துவிடும். டிஸ்கின் பெயரையும் கொள்ளளவையும் வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். இரண்டாவது, பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு. புது லேப்டாப்புகளில் நாம் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். டிஸ்கில் கை வைத்ததும் 48 இலக்கச் சாவியைக் கேட்டு நீலத் திரை வரும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரர் எந்த மின்னஞ்சலைப் போட்டார் என்று தெரியாமல் தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். திருகாணியைத் தொடும் முன்பே சாவியை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய டிஸ்கை ஒரு மாதம் தொடாமல் அலமாரியில் வைத்திருங்கள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அழிக்கலாம்.

"புது டிஸ்கைச் செருகினேன், கம்ப்யூட்டரில் காணோம்"

உள்ளே போடும் புது டிஸ்க் அப்படித்தான் வரும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால், "இனிஷியலைஸ்" செய்யவா என்று கேட்கும். ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய எம்பிஆர் முறை 2 டிபியைத் தாண்டாது, 4 டிபி வாங்கியும் பாதி இடம் வீணாகும். பிறகு கறுப்புப் பட்டையில் வலது கிளிக் செய்து புது வால்யூம் உருவாக்கினால் டி, இ போன்ற டிரைவ் எழுத்தோடு தோன்றும்.

இது புது டிஸ்குக்கு மட்டும்தான். நேற்றுவரை வேலை செய்த டிஸ்க் இன்று "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு எடுத்துவிடுங்கள்.

"டிவியில் செருகினால் படம் வரவில்லை, மேக்கில் எழுத முடியவில்லை"

ஃபார்மேட் வகைதான் காரணம். என்டிஎஃப்எஸ் விண்டோஸுக்குச் சொந்தம். மேக் அதைப் படிக்கும், எழுதாது. ஃபேட்32 பழைய டிவி, கார் ரேடியோ எல்லாவற்றிலும் ஓடும், ஆனால் 4 ஜிபியைவிடப் பெரிய கோப்பை ஏற்காது. இரண்டு பக்கமும் ஓட வேண்டுமானால் எக்ஸ்ஃபேட். மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், முதலில் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

"கழற்றிய பழைய டிஸ்கை வீசிவிடவா?"

ஐயோ, வேண்டாம். அதை உள்ளே வைக்கும் பெட்டியான கேசிங் ஒன்று வாங்கினால் அதுவே வெளி டிஸ்க் ஆகிவிடும். 2.5 அங்குல டிஸ்குக்கு யூஎஸ்பி கேபிளே மின்சாரம் கொடுத்துவிடும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் வேண்டும், அதனால் சுவரில் செருகும் அடாப்டர் உள்ள கேசிங்காகப் பாருங்கள்.

அதற்கு முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். நீலம் என்றால் நல்லது. மஞ்சள் என்றால் சில இடங்கள் கெட்டுப் போய் டிஸ்க் மாற்றிடம் தேடுகிறது. மஞ்சள் டிஸ்கில் போனால் போகட்டும் என்று நினைக்கும் சினிமாப் படங்களை மட்டும் வையுங்கள். கொடுப்பதோ விற்பதோ என்றால் குவிக் ஃபார்மேட் போதாது, அதிலிருந்து எல்லாவற்றையும் மீட்க முடியும். முழு ஃபார்மேட் செய்யுங்கள்.

"வெளி டிஸ்கில் விளக்கு எரிகிறது, டிக் டிக் என்று சத்தம் வருகிறது"

முதலில் வேறு கேபிள், வேறு துளை. மேசைக் கணினி என்றால் பின்பக்கத் துளை. மின்சாரம் போதாமலும் அந்தச் சத்தம் வரும். யூஎஸ்பி 2 கொடுப்பது 500 மில்லிஆம்பியர், 3 கொடுப்பது 900. நீளமான மலிவு கேபிளில் அதுவும் குறையும்.

கேபிளை மாற்றியும் டிக் டிக் நிற்கவில்லை என்றால் உடனே எடுத்துவிடுங்கள். டிஸ்க் உள்ளே இருக்கும் அந்தக் கை, எழுதியதைத் தேடிப்போய்க் கிடைக்காமல் திரும்பித் திரும்பி வரும் சத்தம் அது. தட்டின்மேல் உரசிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் படங்கள் தூளாகிக்கொண்டிருக்கின்றன. குளிர்பெட்டியில் வைத்து எடு என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் வெளியே எடுத்தவுடன் உள்ளே ஈரம் கட்டும். மூடியைத் திறந்தும் பார்க்காதீர்கள், ஒரு தூசு போதும். இப்படிப்பட்டதை நானும் தொடுவதில்லை. தூசு புகாத அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனங்கள் கோலாலம்பூரில் இருக்கின்றன, செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. கேசிங்கோடு சேர்த்தே விற்கும் சில வெளி டிஸ்குகளில் யூஎஸ்பி துளை டிஸ்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், அல்லது அந்த போர்டு எல்லாவற்றையும் பூட்டி எழுதும். துளை உடைந்தால் டிஸ்கைக் கழற்றி வேறு கேசிங்கில் போட்டுப் படித்துவிடலாம் என்று எல்லாச் சமயமும் நம்ப முடியாது.

"லேப்டாப்பில் இருந்ததை எல்லாம் வெளி டிஸ்குக்கு மாற்றி, லேப்டாப்பில் அழித்துவிட்டேன். இப்போது பத்திரம்தானே?"

இல்லை. முன்பு ஒரே இடத்தில் இருந்தது, இப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதுவும் கைதவறி விழக்கூடிய இடத்தில். இந்தப் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் அக்கா வந்தார். அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். லயத்தை இடிப்பதற்கு முன் கடைசி வருடம் தம்பியோடு போய் எல்லாவற்றையும் படம் பிடித்திருக்கிறார். லயத்து வாசல், தண்ணீர்க் குழாயடி, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களம், மாரியம்மன் கோயில், அந்தக் கோயிலில் நடந்த கடைசித் தீமிதி. அப்பாவின் பழைய படங்களையும் ஸ்கேன் செய்து அதே டிஸ்கில் போட்டு வைத்தார். லேப்டாப்பில் இடமில்லை என்று அங்கே அழித்துவிட்டார். சாமி அலமாரியைத் துடைக்கும்போது டிஸ்க் மேலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தது.

டிக் டிக் சத்தம் இல்லை, அதனால் நானே முயன்றேன். மூன்று நாள் மெதுவாக ஓட விட்டு, படிக்க முடிந்ததை எல்லாம் வேறு டிஸ்குக்கு எடுத்தேன். மூன்றில் இரண்டு பங்கு வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அப்பா பால்மரக் காட்டில் நிற்கும் படம் ஒன்று. முகம் வந்தது, தோளில் காண்டாக் கம்பும் வந்தது. வாளிகள் தொங்கிய கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் நிறம். தீமிதிப் படங்களில் ஒன்றுகூட வரவில்லை. "கோயிலும் இப்ப அங்க இல்ல தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நம் மக்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்கள் சிதறிப்போகாமல் இருக்க, அமைச்சராக இருந்த நம் ஊர்ப்பிள்ளை துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டி வாங்கிய அந்தப் பங்குச் சான்றிதழும், தாத்தாவின் பிறப்புப் பத்திரமும், அடையாளக் கார்டுக்காக அலைந்த பாரங்களும் இன்று பல வீடுகளில் ஸ்கேன் செய்த கோப்பாகத்தான் இருக்கின்றன. காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. எல்லாத் தோட்டத்துக்கும் வரலாற்று நூல் கிடையாது. இடிந்த லயத்துக்குச் சாட்சி உங்கள் வீட்டு டிஸ்க்தான்.

அதனால் 2 டிபி ஒன்று வாங்குவதற்குப் பதில் 1 டிபி இரண்டு வாங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். இரண்டிலும் அதே படங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று ஈப்போவிலோ கிள்ளானிலோ இருக்கும் அக்கா, தங்கை வீட்டில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளமோ தீயோ திருட்டோ இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வராது. நீண்ட நாள் சும்மா வைத்திருக்கப் போவதென்றால் ஹார்ட் டிஸ்கே நல்லது. எஸ்எஸ்டி ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காணாமல் கிடந்தால் எழுதியதை மெல்ல இழக்கக்கூடும்.

"கூகளில் போட்டால் போதாதா?"

முக்கியமானதுக்கு நல்லது. இலவசமாக 15 ஜிபி, மின்னஞ்சலும் அதில்தான் சேரும். பத்திரங்களையும் மிக முக்கியமான படங்களையும் அங்கே போடுங்கள். கல்யாண வீடியோ முழுவதையும் ஏற்ற, தோட்டத்துக்குள் கிடைக்கும் இணைய வேகத்தில், இரவுகள் போதாது.

"இடி இடித்தால் என்ன செய்வது?"

சாயங்கால மழை கறுக்கும்போதே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மோடத்துக்குச் செப்புக் கம்பி வந்தால் அதன் வழியாகவும் மின்னல் வரும், அதையும் கழற்றுங்கள். கணினியோடு வெளி டிஸ்கும் செருகியே இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும், அதனால் நகல் எடுத்து முடித்ததும் டிஸ்கைப் பிரித்துவிடவும். டிஸ்க் வைக்கும் டப்பாவில் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடுங்கள். பிஸ்கட் டின்னே போதும்.

"போனில் உள்ளதை நேரே டிஸ்குக்கு மாற்றலாமா?"

டைப்-சி துளை உள்ள ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் முடியும், ஓடிஜி இணைப்பான் ஒன்று போதும். எஸ்எஸ்டியாக இருந்தால் சுலபம். சுழலும் டிஸ்கைச் சில போன்களால் ஓட்ட முடியாது.

"கடைக்கு வரும்போது என்ன கொண்டு வரணும்?"

லேப்டாப், அதன் சார்ஜர், கடவுச்சொல், பிட்லாக்கர் சாவி எழுதிய தாள். வெளி டிஸ்க் என்றால் அதனோடு வந்த கேபிளும். கீழே விழுந்ததா, மழையில் நனைந்ததா, ஏற்கனவே யாராவது திறந்தார்களா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். நான் கோபப்பட மாட்டேன், எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மோட்டாரில் வருகிறவர்கள் டிஸ்கைக் கூடையில் போடாமல், துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து எடுத்து வாருங்கள்.